தண்ணீர்தான் கடினம்: பாரிசவாதத்துக்குப் பிறகு விழுங்குவது

2024 ஜூன் 3, தெகிவளைத் தம்பி கேட்டது

"அப்பாவுக்குப் பாரிசவாதம். இடது பக்கம் இழுத்துவிட்டது. வாட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். குழைத்த சோறு மெதுமெதுவாக இறங்குகிறது, தண்ணீர் கொடுத்தால்தான் புரையேறுகிறது. பெரியம்மா எல்லாவற்றையும் தண்ணீர்ப் பதமாகக் கரைத்துக் கொடு, வழுக்கிக்கொண்டு இறங்கும் என்கிறார். எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது. வருத்தக்காரருக்குக் கஞ்சித் தண்ணீர்தானே எப்போதும் கொடுப்போம்?"

ஜூன் 3, இரவு

காய்ச்சல்காரருக்குக் கொடுக்கலாம். உங்கள் அப்பாவுக்குக் கூடாது. பெரியம்மாவுக்கு வேறு ஏதாவது வேலை கொடுங்கள்.

விழுங்குவதற்கு இருப்பதிலேயே கடினமானது தண்ணீர்தான். வாயில் வைத்ததும் நாக்கின் பிடிக்குள் நிற்காமல் தொண்டைக்கு ஓடிவிடும். நல்ல உடம்பில் அதற்கு முன்பே குரல்வளை மேலே எழும்பி, குரல்நாண்கள் ஒட்டிக்கொண்டு, மூச்சுக்குழாய் அடைபட்டுவிடும். தொண்டைக்குள் நடக்கும் இந்த வேலை முழுவதும் ஏறக்குறைய ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். பாரிசவாதம் வந்தவருக்கு இந்தக் கதவு பிந்தித்தான் மூடுகிறது. குழைத்த சோறு மெதுவாக வருவதால் சமாளித்துவிடுகிறார். தண்ணீர் காத்துக்கொண்டு நிற்குமா?

என் மாமிக்கும் இதே கதைதான். பிளேன்டீ குடித்தால் கண்ணில் நீர் வரும்வரை இருமுவார், அவித்து மசித்த உருளைக்கிழங்கைச் சத்தமில்லாமல் முடித்துவிடுவார். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர்கள் எல்லோரும் உங்கள் பெரியம்மா சொன்னதையே சொன்னார்கள்.

வாட்டில் விழுங்கும் பரிசோதனை செய்தார்களா என்று, வீட்டுக்கு விடும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட்டை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் கிளினிக்குக்குப் போகும்போது பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் அனுப்பமாட்டார்கள். அதுவரை தண்ணீரையும் தேத்தண்ணீரையும் கோப்பையோடு கொடுக்காதீர்கள். நாளைக்கே வைத்தியசாலைக்குத் தொலைபேசியில் அழைத்து, என்ன பதத்தில் கொடுக்கலாம் என்று கேட்டுவிடுங்கள்.

ஜூன் 4

"அப்பாவுக்குப் பேச்சு நன்றாகத்தானே வருகிறது, பேச்சுச் சிகிச்சையாளர் எதற்கு?" என்கிறார் தம்பி. எங்கள் வீட்டிலும் அதைத்தான் கேட்டோம். பேசுகிற அதே நாக்கும் தொண்டையும்தான் விழுங்குகின்றன, அதனால் இரண்டையும் அவர்களே பார்க்கிறார்கள்.

எங்களுக்குக் கிடைத்த பிள்ளை ராகம மருத்துவபீடத்தில் படித்தவர், கெட்டிக்காரி, தமிழ் தெரியாது. மாமியோ இத்தனை வருடம் கொழும்பில் இருந்தும் மரக்கறிக்காரரிடம் "கீயத" (எவ்வளவு) கேட்பதோடு சிங்களத்தை நிறுத்திக்கொண்டவர். முதல் முறை நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த முறை அந்தப் பிள்ளை கழுத்தில் இரண்டு விரலை வைத்து "கிலின்ன" (விழுங்குங்கள்) என்றதும் மாமி என்னைப் பார்க்காமலே விழுங்கினார். இப்போது வீட்டில் சின்னவன் மருந்து குடிக்க அடம்பிடித்தாலும் மாமி சொல்வது "கிலின்ன".

அந்த இரண்டு விரல் எதற்கென்றால், விழுங்கும்போது குரல்வளை எழும்புகிறதா, எவ்வளவு பிந்தி எழும்புகிறது என்று தொட்டுப் பார்ப்பதற்கு. அதற்கும் பிடிபடாதவற்றை, எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கலந்த சாப்பாட்டைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோவாக எடுப்பார்கள், அல்லது மூக்கு வழியாக மெல்லிய கமராவை விட்டுப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் இவை தேவைப்படாது.

ஜூன் 6

கொட்டாஞ்சேனை அண்ணா எழுதுகிறார்: "இருமினால் நிறுத்து, இருமாவிட்டால் கொடு. இதற்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை."

அண்ணா, இங்கேதான் ஆட்கள் ஏமாந்துபோவது. இருமுகிறார் என்றால் தொண்டையில் உணர்ச்சி மிச்சம் இருக்கிறது. பாரிசவாதத்தில் அந்த உணர்ச்சியும் மழுங்கிவிடலாம், அப்போது தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. பிளேன்டீக்கு இருமுகிற மாமி, ஒரு கரண்டித் தண்ணீருக்கு இருமவில்லை. எக்ஸ்ரே வீடியோவில் நானே பார்த்தேன்: மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று முன்பக்கமாக வழிந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது, மாமி அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். இப்படிச் சத்தமில்லாமல் இறங்குவது கிருமிகளையும் சேர்த்துக் கொண்டுபோய் நியூமோனியாவில் விடும். பாரிசவாதத்தில் தப்பியவர்களைப் பிறகு கொண்டுபோவதில் இதற்குப் பெரிய பங்கு.

அதனால் இருமலைத் தவிர மற்றதையும் பாருங்கள். விழுங்கியபின் குரல் ஈரமாகக் கொரகொரக்கிறதா, சாப்பிட்டதும் மூச்சு வாங்குகிறதா, பின்னேரத்தில் காரணமில்லாமல் உடம்பு சுடுகிறதா, இழுத்த பக்கக் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கிக் கிடக்கிறதா, ஆள் மெலிகிறாரா. கன்னத்துக்குள் ஒதுங்குவதை அவரே உணரமாட்டார், விரலில் துணி சுற்றி எடுக்க வேண்டும்.

குரலைக் கேட்பதற்கு "ஆ" சொல்லச் சொன்னார்கள். மாமி இரண்டு நாளுக்குமேல் "ஆ" சொல்ல மறுத்துவிட்டார், மாடு மாதிரிக் கத்தச் சொல்கிறாய் என்று கோபம். சரி, ஒவ்வொரு சில வாய்க்கும் தேவாரத்தில் ஒரு வரி பாடுங்கள் என்றேன். அதற்கு மறுப்பில்லை. வரி தெளிவாக வந்தால் அடுத்த கரண்டி. கொரகொரத்தால் செருமி, இன்னொரு தரம் வெறுமனே விழுங்கி, மறுபடி பாட வேண்டும். பக்கத்து வீட்டார் எங்களை மூன்று வேளையும் பூசை செய்கிறவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

ஜூன் 6, பிறகு

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டி, உடனே தண்ணீரை நீட்டுவது நம் வீடுகளில் வழக்கம். நினைக்கிறவர்கள் நினைக்கட்டும், தண்ணீரை மட்டும் நீட்டாதீர்கள். முன்னால் சாயவிட்டு இருமவிடுங்கள். இருமவும் முடியாமல், சத்தமும் வராமல், நிறம் மாறினால் அது அடைப்பு. தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடியால் 5 தரம் பலமாக அடித்து, போகாவிட்டால் பின்னால் நின்று மேல்வயிற்றை உள்ளும் மேலுமாக 5 தரம் அழுத்த வேண்டும். இன்னொருவர் 1990 அம்புலன்ஸுக்கு அழைக்கட்டும்.

ஜூன் 9

தண்ணீரை எதைப் போட்டுத் தடிப்பாக்குவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

பெரிய பாமசிகளில் இதற்கென்றே மா விற்கிறார்கள். இரண்டு வகை. மாப்பொருளால் செய்தது ஒன்று, சாந்தன் கம் என்ற பசையால் செய்தது மற்றது. எங்கள் வீட்டில் முதலில் வாங்கியது மாப்பொருள் வகை. கோப்பையில் சரியாகத்தான் கலந்தேன், பாதி கொடுத்தபின் பார்த்தால் கோப்பைக்குள் பழையபடி தண்ணீர். எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதியம் மாப்பொருளைக் கரைத்துவிடுகிறது. வாயில் வைத்த கரண்டியைத் திரும்பக் கோப்பைக்குள் விட்டதும் அது வேலையைத் தொடங்கிவிடும். சாந்தன் கம்முக்கு இந்தத் தொல்லை இல்லை, விலைதான் கூட. மாப்பொருள் வகையென்றால் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றி அதிலிருந்து கொடுங்கள்.

சோளமா, கூவைமா என்கிறவர்களுக்கு: காய்ச்சினால்தான் தடிக்கும், பச்சையாகக் கலந்தால் அடியில் போய்ப் படியும். ஆறினால் இன்னும் இறுகும். எச்சில் பிரச்சினை இவற்றுக்கும் அப்படியே. அவசரத்துக்குச் சரி.

ஜூன் 10

எவ்வளவு தடிப்பு என்பதுதான் அடுத்த சண்டை. நான் கலந்தால் ஒரு பதம், என் கணவர் கலந்தால் சீமெந்து.

ஐ.டி.டி.எஸ்.ஐ. என்று உலகம் முழுவதற்கும் ஒரு அளவுகோல் இருக்கிறது, 0 முதல் 7 வரை. வெறும் தண்ணீர் 0, வழமையான சாப்பாடு 7. பானங்கள் 0 முதல் 4 வரை. உங்கள் சிகிச்சையாளர் ஒரு எண்ணைச் சொல்வார், அதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். 10 மில்லிலீற்றர் சிரிஞ்சில் தண்டை எடுத்துவிட்டு, நுனியை விரலால் மூடி, கலந்த பானத்தை 10 வரை நிரப்பி, விரலை எடுத்து 10 வினாடி ஒழுகவிட்டு மறுபடி மூட வேண்டும். மிச்சம் 1க்குக் குறைவென்றால் தண்ணீர்தான். 1 முதல் 4 வரை மிஞ்சினால் 1ஆம் நிலை, 4 முதல் 8 வரை என்றால் 2, 8க்கு மேல் என்றால் 3. ஒன்றுமே ஒழுகாவிட்டால் 4. ஒரு விடயம்: எல்லா சிரிஞ்சும் சரிவராது. 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும், அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு முள்ளுக்கரண்டியால் அழுத்திப் பார்க்கும் சோதனை. எங்கள் வீட்டில் முள்ளுக்கரண்டி கண்ணாடி அலுமாரிக்குள் மாப்பிள்ளை வீட்டாருக்காகப் படுத்திருந்தது. பிறகுதான் பார்த்தேன், விரலால் செய்யும் சோதனையும் அந்த அளவுகோலில் இருக்கிறது. நமக்கு அது போதும்.

ஜூன் 15

சமையல் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டது வெள்ளவத்தை அக்கா ஒருவர். நீளமாகப் போகும்.

வெள்ளைக்காரர் எழுதிய பட்டியல்களில் நம் சாப்பாடு இருக்காது. ஆனால் அடிப்படை ஒன்றுதான்: ஒரே வாயில் கட்டியும் தண்ணீரும் சேர்ந்து வரக்கூடாது, வாய்க்குள் உதிரக்கூடாது, களிபோல ஒட்டக்கூடாது. இதை வைத்துக்கொண்டு எங்கள் அடுப்படியைப் பார்த்தபோது எனக்குத் தலைசுற்றியது. சோறும் சொதியும் என்றால் கட்டி ஒன்று, தண்ணீர் ஒன்று. மென்றுகொண்டிருக்கும்போதே சொதி தனியாக ஓடிவிடும். இடியப்பமும் சொதியும் அதே குற்றம். ரசச்சோறு சொல்லவே வேண்டாம். பிட்டு எல்லாவற்றையும் விட மோசம், உதிர்ந்து தொண்டை முழுக்கப் பரவும். பாண் நனைந்தால் உருண்டையாகி அண்ணத்தில் ஒட்டும்.

நான் செய்தது இது. சிவப்புப் பச்சரிசியை வழக்கத்தைவிடக் கூடத் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, பருப்பை மசியக் கடைந்து அதோடு சேர்த்து அகப்பையால் அடிப்பேன். பருக்கை பருக்கையாகப் பிரிந்தால் இன்னும் கொஞ்சம் பருப்பு. அகப்பையில் பசைபோல இழுத்தால் கொஞ்சம் தேங்காய்ப்பால். கரண்டியைச் சரித்தால் ஒரே கட்டியாக வழுக்கி விழ வேண்டும், கரண்டியில் அதிகம் ஒட்டியிருக்கக்கூடாது. சொதியை உருளைக்கிழங்கு போட்டு அதையே மசித்து இறுக்கினேன். மாமி "இது சொதி இல்லை" என்றார். உண்மைதான். தேசிக்காயும் வெந்தயமும் சரியாக விழுந்ததால் சாப்பிட்டார்.

உப்புப் புளி இல்லாமல் கொடுக்காதீர்கள். கொஞ்சம் புளிப்பு இருந்தால் மாமி வாயில் வைத்துக்கொண்டு யோசிக்காமல் விழுங்கினார். சப்பென்ற கஞ்சியை அரை மணி நேரம் கன்னத்துக்குள் வைத்திருப்பார்.

எருமைத் தயிர் நல்லது, ஆனால் சட்டியில் கரண்டி விட்டதும் ஊறும் தண்ணீரை வடித்துவிடுங்கள். பப்பாசி நன்றாகப் பழுத்ததை மசிக்கலாம். அன்னாசி, தோடம்பழம் கடிக்கும்போதே சாறு பீறிடும், இப்போதைக்கு வேண்டாம். மாரி விசுக்கோத்தைத் தேத்தண்ணீரில் தொட்டுக் கொடுப்பது சரியா என்று கேட்டீர்கள். நுனி மட்டும் நனைந்தால் சரியில்லை. முழுவதும் ஊறிக் குழைந்து, மேலே தண்ணீர் நிற்காமல் இருந்தால் கொடுக்கலாம்.

ஊட்டுகிறவர் கதிரையில் உட்கார்ந்து கண்ணுக்கு நேராக ஊட்ட வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் வருத்தக்காரர் முகத்தை மேலே தூக்குவார், மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். தேக்கரண்டி போதும். தொலைக்காட்சியை நிறுத்துங்கள், நாடகம் ஓடினால் மாமி விழுங்க மறந்துவிடுவார். சாப்பிட்டபின் அரை மணி நேரம் நிமிர்ந்து இருக்க வேண்டும்.

ஜூன் 16

நாடியை நெஞ்சில் தொடுமாறு குனிந்து விழுங்கு, தலையை இழுத்த பக்கம் திருப்பி விழுங்கு என்றெல்லாம் யூடியூபில் வருவதை அனுப்பியிருக்கிறீர்கள். சிலருக்கு உதவும், சிலருக்கு எதிர்மாறாகும். பார்த்தவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். மாமிக்குக் குனிவதைச் சொன்னார்கள், திருப்புவதைச் சொல்லவில்லை.

ஜூன் 23

மருதானைத் தங்கச்சி ஒருவரின் அம்மாவுக்கு மூக்கால் குழாய் போடச் சொல்லியிருக்கிறார்கள். மாமா ஒருவர் "குழாய் போட்டால் பிறகு வாயால் சாப்பிடவே மாட்டா" என்று தடுத்துவிட்டாராம்.

தங்கச்சி, மாமாவிடம் சொல்லுங்கள்: குழாய் போட்டதால் விழுங்க முடியாமல் போனவர் இல்லை, விழுங்க முடியாததால் குழாய் போடுகிறார்கள். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் நாட்களில் விழுங்குவதில் ஏதோ ஒரு சிக்கல் இருக்கும், அவர்களில் பலருக்குச் சில வாரங்களில் குறைந்துவிடும். காரணம், விழுங்குவதை மூளையின் இரண்டு பக்கமும் பார்க்கின்றன. ஒரு பக்கம் அடிபட்டால் மற்றப் பக்கம் மெல்ல மெல்ல அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். கைக்கு அப்படிச் சுலபத்தில் நடக்காது. மூளைத்தண்டில், அதிலும் அதன் அடிப்பகுதியான முகுளத்தின் ஓரத்தில் அடிபட்டவர்களுக்கு நீண்டகாலம் எடுக்கலாம். அந்த இடைக்காலத்தைப் பட்டினியில்லாமல் கடப்பதற்குத்தான் குழாய். குழாய் இருக்கும்போதே விழுங்கும் பயிற்சியும் செய்யலாம், செய்ய வேண்டும்.

2005இல் லான்செட் இதழில் வந்த 'ஃபூட்' என்ற பெரிய ஆய்வு இதைத்தான் பார்த்தது. குழாயைச் சீக்கிரமே போட்டவர்களில் இறப்பு கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது. ஆனால் ஆரம்பத்திலேயே வயிற்றில் துளையிட்டுப் போடும் குழாய்க்குப் போனவர்களின் நிலை மூக்குக் குழாய் போட்டவர்களைவிட நன்றாக இருக்கவில்லை. அதனால் முதல் வாரங்களில் மூக்கு, நீண்டு போனால் மட்டும் வயிறு.

ஆனால் குழாய் போட்டாயிற்று, இனி நியூமோனியா வராது என்று நினைக்கக்கூடாது. எச்சில் வழமைபோல ஊறிக்கொண்டுதான் இருக்கும், அதுவும் தவறான வழியில் போகும். வயிற்றிலிருந்தும் மேலே வரலாம். குழாயால் கொடுக்கும்போதும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். குழாயின் நுனி வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்கும் முறையைத் தாதியிடம் கற்றுக்கொள்ளாமல் வீட்டுக்கு வராதீர்கள்.

ஜூன் 23, பிறகு

வாயால் ஒன்றும் சாப்பிடாதவருக்கும் பல் தீட்டிவிட வேண்டும். குழாய்க்காரருக்குக் கூடுதலாக. பல்செட்டை இரவில் கழற்றுங்கள்.

ஜூலை 1

மாத்திரைகள். எல்லோரும் அம்மியில் வைத்து இடித்துத் தண்ணீரில் கரைக்கிறீர்கள். சிலதை இடிக்கக்கூடாது. பாரிசவாதத்துக்குப் பிறகு பலருக்கு அஸ்பிரின் எழுதுவார்கள், அது வயிற்றைக் கடிக்காமலிருக்க மேற்பூச்சுப் பூசியதாக இருந்தால் இடித்தால் பூச்சுக்கு அர்த்தமில்லை. மெதுவாகக் கரையும் பிரஷர் மாத்திரையை இடித்தால் முழுநாள் மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். பட்டியலைப் பாமசியில் காட்டி, எதை இடிக்கலாம், எதற்குப் பாணி மருந்து இருக்கிறது என்று கேளுங்கள். இடிக்கக்கூடாத சின்ன மாத்திரையை மாமிக்கு ஒரு கரண்டி யோகட்டுக்குள் புதைத்துக் கொடுத்தோம்.

இன்னொன்று, இது அவசரத்தில் மறந்துபோகும்: வீட்டில் யாருக்காவது திடீரென்று வாய் கோணி, கை விழுந்தால் சீனித் தண்ணீரோ மாத்திரையோ வாயில் வைக்காதீர்கள். 1990ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் அவகாசம்.

ஜூலை 18

ஆடிப்பிறப்புக்குக் கூழ் கொடுத்தேன், கூழ்தானே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கூழ் தடிப்புத்தான், அதற்குள் மிதக்கும் தேங்காய்ச்சொட்டும் பயறும் என்னாவது? எங்கள் வீட்டில் அவற்றைப் போடாமல் மாமிக்கு வேறாகக் காய்ச்சினேன். பனங்கட்டி மணத்துக்கு ஆள் சமாதானமாகிவிட்டார். கொழுக்கட்டை கேட்டார், கொடுக்கவில்லை.

ஜூலை 20

யாழ்ப்பாணத்து ஆட்களிடம் ஒரு தனித் தொல்லை இருக்கிறது, அதை யாரும் எழுதவில்லை: அண்ணாந்து குடிப்பது. வாயில் படாமல் செம்பை உயர்த்தி ஊற்றுவது பாரிசவாதக்காரருக்கு ஆகவே ஆகாது. மாமிக்குக் கோப்பையில் வாய் வைத்துக் குடிப்பது அருவருப்பு. கோயில் தீர்த்தத்தையும் கையில் வாங்கி அண்ணாந்துதான் விடுவார். கடைசியில் பிளாஸ்ரிக் கோப்பை ஒன்றில் மூக்கு இருக்குமிடத்தை அரைவட்டமாக வெட்டிக் கொடுத்தார்கள், தலையை நிமிர்த்தாமலே அடிவரை குடிக்கலாம். மாமி அதைப் பார்த்து, பருத்தித்துறையில் எங்கள் வீட்டு மூக்குப்பேணி (அண்ணாந்து ஊற்ற மூக்கு வைத்த பேணி) இதைவிட வடிவு என்றார்.

ஆகஸ்ட் 11

தடிப்பான தண்ணீர் பற்றி ஜூன் மாதம் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்.

அது மூச்சுக்குழாய்க்குள் போவதைக் குறைக்கும் என்பது எக்ஸ்ரேயில் தெரிகிறது. நியூமோனியாவை எந்த அளவுக்குத் தடுக்கிறது என்பதில் துறைக்குள்ளேயே விவாதம் இருக்கிறது. அதோடு, அதை யாரும் ஆசையாகக் குடிப்பதில்லை. மாமி தாகம் தீரவில்லை என்று சொல்லிச் சொல்லியே குடிப்பதைக் குறைத்தார். சிறுநீர் கடும் மஞ்சளானது, மலச்சிக்கல், பகலிலும் தூக்கம். பேச்சுச் சிகிச்சையாளரிடம் சண்டை பிடிக்கிற மாதிரித்தான் கேட்டேன். அவர் ஒரு வழி சொன்னார், அமெரிக்காவில் ஃபிரேசியர் என்ற புனர்வாழ்வு நிலையத்தில் தொடங்கிய முறையாம். சாப்பாட்டோடு இல்லாமல், இடைநேரங்களில், வாயை நன்றாகச் சுத்தம் செய்தபின், நிமிர்ந்து உட்காரவைத்து, சின்ன மிடறாக வெறும் தண்ணீர். சுத்தமான வாயிலிருந்து கொஞ்சம் தண்ணீர் நுரையீரலுக்குப் போனாலும் உடம்பு உறிஞ்சிவிடும், சாப்பாட்டுத் துணுக்கும் கிருமியும் சேர்ந்து போவதுதான் கெடுதல் என்பது அதன் கணக்கு.

இது எல்லோருக்கும் பொருந்தாது. நெஞ்சில் சளி இருப்பவர், நினைவு தெளிவில்லாதவர், இருமலே சக்தியில்லாமல் இருப்பவர் இதில் சேரமாட்டார்கள். கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். மாமிக்கு அனுமதித்தார்கள். முதல் மிடறுக்குப் பிறகு தேவாரம் பாடச் சொன்னேன், "முதலில் குடிக்கவிடு" என்றார்.

ஆகஸ்ட் 12

கொட்டாஞ்சேனை அண்ணா: "இதைத்தானே நான் முதலே சொன்னேன், தண்ணீர் கொடு என்று." இல்லை அண்ணா.

ஆகஸ்ட் 25

தெகிவளைத் தம்பி அப்பாவை வான் வண்டியில் நல்லூருக்குக் கொண்டுபோகப் போகிறாராம். அப்பா இப்போது 2ஆம் நிலைப் பானமும் மசித்த சாப்பாடும் எடுக்கிறார், வைத்தியரும் பயணத்துக்குச் சம்மதித்துவிட்டார், என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கேட்கிறார்.

ஓடுகிற வானில் ஒரு வாயும் ஊட்டாதீர்கள். புத்தளத்திலோ அனுராதபுரத்திலோ நிறுத்தி, கதிரையில் உட்காரவைத்துக் கொடுங்கள். சாப்பிட்டவுடன் சீற்றைச் சரித்துப் படுக்கவைக்கக்கூடாது, அரை மணி நேரம் நிமிர்த்தியே வையுங்கள். மாவும் கரண்டியும் கையோடு, பிளாஸ்கில் நீங்களே காய்ச்சிய பருப்புக் கஞ்சி. கடையில் தேத்தண்ணீர் வாங்கினால் மா கலந்து, தடிக்கும்வரை பொறுத்துக் கொடுங்கள், சூடு ஆறுமுன் கொடுக்க அவசரப்படுவார்கள். பல்தூரிகையை மறக்காதீர்கள்.

நல்லூருக்குப் போனால் ஐஸ்கிரீம் குடிக்காமல் திரும்பமாட்டீர்கள் என்று தெரியும். பார்க்கக் கட்டியாக இருந்தாலும் வாய்க்குள் போனதும் அது தண்ணீர், ஜெலியும் அப்படியே. அப்பாவுடையதையும் சேர்த்து நீங்களே குடித்துவிடுங்கள், அவருக்கு யோகட் வாங்கிக் கொடுங்கள். பழத்துண்டு போட்டது வேண்டாம்.